வெயில் இலவசம், வட்டி இலவசமல்ல

அகமதாபாத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் சபர்மதி ஆசிரமம், மறுநாள் அடாலஜ் படிக்கிணறு, அதற்கடுத்த நாள் மொதேரா சூரியன் கோயில். 2012 கோடையில் திருநெல்வேலியிலிருந்து என் மைத்துனர் வந்தபோது நாங்களும் இந்த வரிசையில்தான் போனோம். பதினோராம் நூற்றாண்டில் சோலங்கி அரசன் பீமன் காலத்தில் எழுந்த கோயில். கருவறையில் இப்போது சிலை இல்லை, பூசையும் இல்லை. படிகளில் வெயில் மட்டும் தகதகவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஏப்ரல் மாதம்தான் பாட்டண் மாவட்டத்தில், ரண் பாலைவனத்தை ஒட்டிய சாரங்கா கிராமத்தில் சூரிய மின் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகளில் அதே பேச்சு. திரும்பி வரும் வழியில் காரில் கிடந்த பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்த மைத்துனர் கேட்டார்:

"அத்தான், வெயிலு சும்மாதானே கிடைக்கு? நிலக்கரின்னா தோண்டணும், ரயில்ல ஏத்தணும், எரிக்கணும். அதுக்கே யூனிட்டு மூணு நாலு ரூவாதான். சும்மா கிடைக்கிற வெயிலுக்கு 15 ரூவாயா? இது யாரு வீட்டுக் காசு?"

வங்கியில் தொழிற்கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் முதல் கேள்விக்கு ஒருவாறு பதில் சொல்லிவிட்டேன். "யாரு வீட்டுக் காசு?" என்ற இரண்டாவது கேள்விக்கு அன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். நம்மில் பலர் மொட்டைமாடியில் பேனல் போடலாமா என்று யோசிக்கும் நேரம் இது. மாநில அளவில் நடந்த கணக்கும் வீட்டு மாடியில் நடக்கும் கணக்கும் அடிப்படையில் ஒன்றுதான்.

பணமெல்லாம் முதல் நாளே

நிலக்கரி நிலையம் ஓர் ஓட்டல் மாதிரி. கட்டடம் கட்டவும் செலவு, தினமும் அரிசி, பருப்பு வாங்கவும் செலவு. வியாபாரம் இல்லாத நாளில் அரிசி மிச்சம். சூரிய மின் நிலையம் தென்னந்தோப்பு மாதிரி. நிலம், கன்று, வேலி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணத்தைக் கொட்டிவிட வேண்டும். பிறகு 25 வருடம் காய் பறிக்கலாம். தினச் செலவு அதிகமில்லை. பேனலைக் கழுவ, காவலுக்கு ஆள் வைக்க, இன்வெர்ட்டர் பழுது பார்க்க என்று யூனிட்டுக்குச் சில பத்துப் பைசாக்கள் போகும், அவ்வளவே.

ஆகவே சூரிய மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் முதல் நாள் போட்ட பணத்தின் விலைதான். அந்தப் பணம் கடனாக வந்தால் வட்டி. சொந்தப் பணம் என்றால் அதற்கு எதிர்பார்க்கும் லாபம்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட் நிலையம் நம் மேற்கு இந்திய வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16.6 லட்சம் யூனிட் தரும் என்று கொள்வோம். இரவும் உண்டு, மேகமும் உண்டு. ஆகவே முழுத் திறனில் 19 சதவீதம்தான் கணக்கு. நிலையத்தின் விலை 5 கோடி. இதை 25 ஆண்டுகளில் சம தவணையாகத் திருப்ப வேண்டும். வட்டி 12 சதவீதம் என்றால் தவணைக்கு மட்டும் யூனிட்டுக்கு 3.83 ரூபாய் ஆகிறது. வட்டி 10 சதவீதமானால் 3.31 ரூபாய். 8 சதவீதமானால் 2.81 ரூபாய். அதே பேனல், அதே வெயில், அதே நிலம். வட்டி நான்கு சதவீதம் இறங்கியதில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் அரசுச் சலுகைகள் எல்லாவற்றையும் இரண்டே கூடையில் போட்டுவிடலாம். ஒன்று, அந்த 5 கோடியில் ஒரு பகுதியை அரசே ஏற்பது. மற்றொன்று, கடன் கொடுப்பவரின் பயத்தைக் குறைத்து வட்டியை இறக்குவது. முதல் வகைக்குக் கஜானாவிலிருந்து காசு போகும். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் போதும்.

முப்பந்தல் கற்றுத் தந்த பாடம்

சலுகைகளில் மிகப் பழையது விரைவுத் தேய்மானம். ஒரு தொழிற்சாலை இயந்திரம் வாங்கினால் அதன் மதிப்பை ஆண்டுக்குக் கொஞ்சமாகத் தேய்மானமாகக் காட்டி, அந்தத் தொகைக்கு வரி கட்டாமல் இருக்கலாம். காற்றாலைக்கும் சூரிய நிலையத்துக்கும் அரசு இதில் தாராளம் காட்டியது. சூரிய நிலையத்துக்கு முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் என்ற விகிதம் பல ஆண்டுகள் இருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து அது 40 சதவீதம் ஆனது.

நமது 5 கோடி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 80 சதவீதம் என்றால் 4 கோடியை முதல் ஆண்டிலேயே லாபத்தில் கழித்துவிடலாம். வரி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் அந்த ஆண்டு 1.33 கோடி வரி மிச்சம். நிலைய விலையில் கால் பங்குக்கு மேல் கைக்குத் திரும்பிவிட்டது! ஆனால் இது வரித் தள்ளுபடி அல்ல. அடுத்தடுத்த ஆண்டுகளில் காட்டத் தேய்மானம் மிச்சமிருக்காது, வரி கூடும். அதாவது அரசு கொடுத்தது வட்டியில்லாக் கடன். வட்டிதான் எல்லாம் என்ற தொழிலில் வட்டியில்லாக் கடனுக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. முதலாவது, வேறு தொழிலில் கொழுத்த லாபம் இருப்பவருக்குத்தான் இந்தச் சலுகை பயன்படும். நூற்பாலைக்காரர், சர்க்கரை ஆலைக்காரர், சிமெண்ட் கம்பெனி இவர்களெல்லாம் மின் உற்பத்தியாளர் ஆனார்கள். சூரிய மின்சாரத்தை மட்டுமே தொழிலாக எடுத்த புதிய நிறுவனத்துக்குக் கழிக்க லாபமே இருக்காது.

இரண்டாவது கோளாறை நம் ஊர்க்காரர்கள் கண்ணாலேயே பார்த்தோம். 1990களில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு நூறு தேய்மானம். நாகர்கோவில் பஸ்ஸில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் எழும்பின. மார்ச் 31க்குள் கோபுரம் நின்றுவிட்டால் வரிச் சலுகை நிச்சயம். அது பிறகு எத்தனை யூனிட் தருகிறது என்று வருமான வரிக்காரர் கேட்கப்போவதில்லை. நல்ல காற்றுள்ள இடத்தில் நல்ல இயந்திரம் நிறுத்தியவர்களும் உண்டு. வரிக்காக மட்டும் நிறுத்திவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு. நிறுத்தினதுக்குக் காசு கொடுத்தால் நிறுத்துவார்கள், ஓட்டினதுக்குக் காசு கொடுத்தால்தான் ஓட்டுவார்கள் என்பது அப்போது தெரிந்தது.

அதற்கு மாற்று மருந்தாகத்தான் யூனிட் கணக்கில் ஊக்கத்தொகை வந்தது. 2008 ஜனவரியில் மத்திய அரசு, கம்பியில் ஏறும் ஒவ்வொரு யூனிட் சூரிய ஒளி மின்சாரத்துக்கும் அதிகபட்சம் 12 ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. மொத்தம் 50 மெகாவாட்டுக்குத்தான் அந்தத் திட்டம். அளவு சிறியது, ஆனால் போன யூனிட்டுக்குத்தான் பணம் என்ற பாதையை அது திறந்துவிட்டது.

பதினைந்து ரூபாயின் கதை

குஜராத் அந்தப் பாதையில் துணிந்து இறங்கியது. 2009 ஜனவரியில் மாநிலத்தின் சூரிய மின் கொள்கை வெளியானது. 2010 ஜனவரியில் குஜராத் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலையை நிர்ணயித்தது: முதல் 12 ஆண்டுகளுக்கு யூனிட் 15 ரூபாய், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 5 ரூபாய். வாங்குவது மாநில அரசின் குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம்.

அன்றைய செலவை வைத்துப் பார்த்தால் இது அநியாய விலை அல்ல. 2010-11க்கு மத்திய ஆணையமே ஒரு மெகாவாட்டுக்கு 16.9 கோடி ஆகும் என்று கணக்கிட்டு, வட்டி, லாபம், வரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 17.91 ரூபாய் என்று சொல்லியிருந்தது. முதல் 12 ஆண்டுகளில் விலையை உயர்த்தி வைத்ததற்கும் காரணம் உண்டு. வங்கிக் கடன் அடைபடும் காலம் அதுதான். கடன் அடைந்த பிறகு 5 ரூபாய் போதும்.

ஆனால் விலையைக் குறித்ததற்கும் நிலையம் கட்டியதற்கும் இடையில் உலகம் மாறிவிட்டது. ஜெர்மனி 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு, சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுக்கு நல்ல விலை உறுதி என்று அறிவித்திருந்தது. அந்தத் தேவையை நம்பிச் சீனாவில் பெரிய பெரிய பேனல் தொழிற்சாலைகள் எழுந்தன. 2008ல் வாட்டுக்கு 4 டாலர் அளவில் இருந்த பேனல், 2011 முடிவில் 1 டாலரை நெருங்கிவிட்டது. 2010ன் செலவை வைத்து 15 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள், 2011ன் விலையில் பேனல் வாங்கினார்கள். 2012 ஜனவரி இறுதிக்குள் ஓடத் தொடங்கினால்தான் அந்த விலை என்பதால் கடைசி மாதங்களில் ஒரே ஓட்டம். 2012 ஏப்ரல் 19 அன்று சாரங்காவின் 214 மெகாவாட் உட்பட மாநிலத்தில் சுமார் 600 மெகாவாட் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இப்போது மைத்துனரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 600 மெகாவாட் என்றால் நம் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூனிட். யூனிட்டுக்கு 15 ரூபாய் என்றால் 1,500 கோடி. அதே அளவு மின்சாரத்தை 4 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 400 கோடி. மிச்சம் 1,100 கோடி ரூபாய் யாருடையது? கரண்ட் பில் கட்டிய ஒவ்வொருவருடையதும். மணிநகரிலும் கோக்ராவிலும் இருக்கும் நம் வீடுகளுடையதும்தான். பில்லில் தனி வரியாக அது வராது. மாநிலத்தின் மொத்த மின்சாரத்தோடு கலந்து, ஒவ்வொரு யூனிட்டிலும் பைசாக் கணக்கில் கரைந்துவிடும்.

"அப்போ ஏமாந்துட்டோமா அத்தான்?" என்று அவர் கேட்டிருந்தால் பாதி ஆமாம், பாதி இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஜெர்மனியில் புதிதாக வரும் நிலையத்துக்கான விலையை ஆண்டுதோறும் இறக்கிக்கொண்டே வந்தார்கள். பேனல் விலை விழும் வேகத்துக்கு ஏற்ப இங்கேயும் படிப்படியாக இறக்கியிருக்கலாம். அதே சமயம் இந்த அளவில் நிலையம் கட்ட நிலம் எப்படிச் சேர்ப்பது, ரண் ஓரத்துத் தூசியில் பேனலை எப்படிப் பராமரிப்பது, கம்பியை எப்படி இழுப்பது என்பதெல்லாம் நாட்டுக்குத் தெரிந்தது இங்கேதான். எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கும் சூரிய நிலையத்தை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று தைரியம் வந்தது அப்போதுதான்.

ஏலம் வந்தது

மத்திய அரசு வேறு வழியில் போனது. 2010 ஜனவரியில் ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கம் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது அன்றைய இலக்கு; 2015ல் அதை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தினார்கள். விலையை அரசு சொல்வதற்குப் பதிலாக, யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு என்று ஏலம் விட்டார்கள். வழக்கமான ஏலத்துக்கு நேர் எதிர். விலை கீழே இறங்கும் ஏலம். 2010 டிசம்பரில் மிகக் குறைந்த கேட்பு 10.95 ரூபாய். 17.91 ஆகும் என்று ஆணையம் சொன்ன அதே ஆண்டில்! 2011 டிசம்பரில் 7.49 ரூபாய்.

அந்த விலையும் மாநில மின் விநியோக நிறுவனங்களுக்கு அதிகம்தான். அதற்கு ஒரு நல்ல உத்தி செய்தார்கள். மத்திய அரசின் கையில், யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருந்த தேசிய அனல் மின் கழகத்தின் மலிவான நிலக்கரி மின்சாரம் கொஞ்சம் இருந்தது. ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்தோடு ஒரு மெகாவாட் அனல் மின்சாரத்தையும் கலந்து, சராசரி விலையில் மாநிலங்களுக்கு விற்றார்கள். கஜானாவிலிருந்து காசு போகவில்லை. மலிவு மின்சாரம்தான் இங்கே மானியம். அந்த மலிவு மின்சாரம் தீர்ந்தால் திட்டமும் தீரும்.

அடுத்து 2013-14ல் வேறு முறை. 750 மெகாவாட்டுக்கு விலையை 5.45 ரூபாய் என்று நிலையாக வைத்துவிட்டு, "இந்த விலைக்குக் கட்டுபடியாக எவ்வளவு மானியம் வேண்டும்?" என்று ஏலம் கேட்டார்கள். குறைவாகக் கேட்டவருக்கு நிலையம். மானியத்துக்கு உச்சவரம்பு மெகாவாட்டுக்கு 2.5 கோடி அல்லது திட்டச் செலவில் 30 சதவீதம். விரைவுத் தேய்மானம் எடுத்துக்கொள்பவருக்கு விலை 4.75 ரூபாய்தான். ஒரே ஆளுக்கு இரண்டு இனிப்பு கூடாது என்று அரசு கவனமாக இருந்ததை இங்கே பாராட்ட வேண்டும். மானியத்தையும் முழுதாக ஒரே தடவையில் கொடுக்கவில்லை. பாதியை நிலையம் ஓடத் தொடங்கியபோதும் மீதியை அடுத்த ஐந்தாண்டில் ஓட்டத்தைப் பார்த்தும் கொடுத்தார்கள். முப்பந்தல் பாடம் மறக்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய அதே காலத்தில் நிர்ணய விலை முறையும் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்துக்கு யூனிட் 7.01 ரூபாய். அதே 2016 ஜனவரியில் ராஜஸ்தானில் நடந்த ஏலத்தில் விலை 4.34 ரூபாய். நிலையம் கட்டும் செலவு ஆண்டுதோறும் சரியும் ஒரு தொழிலில், பழைய கணக்கில் குறித்த விலை எவ்வளவு சீக்கிரம் கனத்துப்போகிறது என்பதற்கு இதுவே போதும்.

ரேவாவில் செய்தது என்ன?

2017 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசம் ரேவாவில் 750 மெகாவாட்டுக்கு ஏலம் நடந்தது. முதல் ஆண்டு விலை 2.97 ரூபாய், 15 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 5 பைசா ஏற்றம், 25 ஆண்டுச் சராசரி 3.30 ரூபாய் அளவு. ஓராண்டுக்கு முன் 4.34 ஆக இருந்த விலை ஒரு ரூபாய்க்கு மேல் விழுந்தது. நிலையம் கட்டியவருக்குக் கட்டுபடியாகும் இடைவெளி மானியம் எதுவும் இல்லை.

அப்படி என்ன செய்தார்கள்? கடன் கொடுப்பவருக்கு இரவில் தூக்கம் வராமல் செய்யும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதினார்கள். நிலம் கிடைக்குமா? பூங்காவுக்கு முன்கூட்டியே நிலம் சேர்க்கப்பட்டது. கம்பி வருமா? துணை மின்நிலையங்கள் திட்டத்திலேயே இருந்தன. கம்பியில் இடமில்லை என்று உற்பத்தியை நிறுத்தச் சொன்னால்? நட்ட ஈடு ஒப்பந்தத்திலேயே உண்டு. வாங்கியவர் பணம் தராவிட்டால்? மாதத் தவணைக்கு வங்கி உறுதி, அதன்மேல் தனி நிதி, அதற்கும் மேல் மாநில அரசின் உத்தரவாதம் என்று மூன்று அடுக்குப் பாதுகாப்பு.

அடுக்குகள் ஏறியதும் பயம் இறங்கியது. பயம் இறங்கியதும் வட்டியும் லாப எதிர்பார்ப்பும் இறங்கின. நான் மேலே போட்ட 12, 10, 8 சதவீதக் கணக்கு இதுதான். பேனல் விலை சரிந்ததும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பேனல் விலை எல்லோருக்கும்தான் சரிந்தது. டில்லியில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு செய்தி: ரேவா மின்சாரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 24 சதவீதம், டில்லி மெட்ரோவுக்குப் போகிறது. 2019 முதல் உங்கள் ரயில் ரேவா வெயிலிலும் ஓடுகிறது.

2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். 2020 டிசம்பரில் இதே குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம் நடத்திய ஏலத்தில் 1.99 ரூபாய். பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கிய அதே கை, பத்தே ஆண்டில் இரண்டு ரூபாய்க்கும் கீழே வாங்கியது.

சொன்ன சொல்

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2013ல் நிகமே ஒழுங்குமுறை ஆணையத்திடம் போய், "நிலையம் கட்டியவர்களுக்கு நாங்கள் நினைத்ததைவிடச் செலவு குறைவாகத்தான் ஆகியிருக்கிறது, 15 ரூபாயைக் குறைக்க வேண்டும்" என்று மனுப் போட்டது. பில் கட்டும் நமக்கு அது நியாயமாகத்தான் படும். ஆணையம் ஏற்கவில்லை. 2014ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதையே உறுதி செய்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஆந்திராவில் வேறு மாதிரி நடந்தது. 2019ல் புதிய அரசு வந்ததும், முந்தைய காலத்துக் காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலை அதிகம் என்று மறுபேச்சுக்கு அழைத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்த காலத்தில் சூரிய மின்சாரத்துக்கு இடைக்கால விலையாக யூனிட்டுக்கு 2.44 ரூபாய்தான் கிடைத்தது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் ஒப்பந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும், பாக்கியையும் தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இடையில் போனது இரண்டரை ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்: ஒரு மாநிலம் வாக்குத் தவறினால், அடுத்து அங்கே போகும் கடன் மனுவில் வட்டி தானாக ஏறும். அரை சதவீதமோ ஒரு சதவீதமோ, அது அடுத்த 25 ஆண்டு நுகர்வோர் தலையில்தான் விடியும். 15 ரூபாயை வெட்டியிருந்தால் குஜராத்துக்கு அன்று கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். 1.99 ரூபாய் கேட்க ஆள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். அவசரப்பட்டு அதிக விலை குறித்தது ஒரு தவறு. குறித்த விலையை முழுக்கக் கொடுத்தது அந்தத் தவறுக்குக் கட்டிய கட்டணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2012 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நிலையங்களுக்கு 2024 ஜனவரியோடு 12 ஆண்டு முடிந்தது. அவை இப்போது 5 ரூபாய் விலையில் ஓடுகின்றன.

ஒரு கை கொடுக்க, மறு கை வாங்க

சலுகை ஒருபுறம் வர, வரி மறுபுறம் வந்தது. 2018 ஜூலையில் இறக்குமதிப் பேனலுக்கு 25 சதவீதப் பாதுகாப்பு வரி. 2022 ஏப்ரல் முதல் பேனலுக்கு 40 சதவீதமும், அதன் உள்ளிருக்கும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் வளர வேண்டும் என்பது நோக்கம். அதற்காகச் சுமார் 24,000 கோடிக்கு உற்பத்தி ஊக்கத் திட்டமும் வந்தது. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. எல்லாப் பேனலும் ஒரே நாட்டிலிருந்து வருவது நல்லதல்ல. ஆனால் நிலையச் செலவில் பேனல் பாதி என்றால், 40 சதவீத வரி மொத்தச் செலவை 20 சதவீதம் ஏற்றிவிடும். இரண்டு ரூபாய்க்குக் கீழே போன ஏல விலை, இந்த வரிக்குப் பிறகு 2.50 ரூபாயின் பக்கம் ஏறிக்கொண்டது. ஜிஎஸ்டியும் இப்படித்தான்: 5 சதவீதமாக இருந்தது 2021ல் 12 ஆனது, 2025 செப்டம்பரில் மறுபடி 5க்கு வந்தது.

கண்ணுக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. 2025 ஜூன் 30க்குள் ஓடத் தொடங்கிய நிலையங்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுபோகும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி. அதன் பிறகு வருபவற்றுக்கு ஆண்டுக்குக் கால் பங்காகக் கட்டணம் ஏறுகிறது. இந்தத் தள்ளுபடியால் எல்லோரும் வெயில் அதிகமுள்ள ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் ஓடினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் கம்பிக்கு வாடகை இல்லை என்றால் தூரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்? ஆனால் கம்பிக்கான செலவு ஆவியாகிவிடவில்லை. கம்பியைப் பயன்படுத்தும் மற்றவர் கணக்கில் ஏறியது.

நம் வீட்டு மொட்டைமாடி

கடைசியாக நமக்கு நெருக்கமான விஷயம். 2024 பிப்ரவரியில் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் அதிகபட்சம் 78,000 ரூபாய். அடுக்குமாடிச் சங்கங்களின் பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்.

மூன்று கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். நல்ல வெயில் விழும் மாடியில் நாளொன்றுக்கு 12 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,300 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 25,800. மானியம் இல்லாவிட்டால் போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டு. மானியத்தோடு நான்கே ஆண்டு. ஏசி ஓடும் அகமதாபாத் வீட்டுக்கு இது நல்ல காரியம்தான், அதுவும் சொந்த மாடி இருந்தால்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் அல்ல. 2024 கடைசியில் மைத்துனர் மறுபடி வந்தார். மறுபடி மொதேரா! கோயில் அப்படியே இருக்கிறது, ஊர்தான் மாறிவிட்டது. 2022 அக்டோபரில் முழுநேரச் சூரிய மின் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் அது. வீட்டுக்கு வீடு கூரையில் பேனல். வீட்டுக்காரர்கள் காசு போடவில்லை. சுமார் 80 கோடியை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் போட்டன. "இதுவும் நம்ம காசுதான் அத்தான்" என்று இம்முறை அவரே சொல்லிவிட்டார். பிறகு கேட்டார், "நம்ம வீட்டு மாடியிலயும் போட்டுரலாமா?"

"ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு யூனிட் ஓடுது?"

"நூத்தம்பதுக்குள்ளதான். நானும் உங்க தங்கச்சியும் மட்டும்தானே."

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமே இல்லை. மிச்சம் 50 யூனிட்டுக்காக ஒரு லட்சம் போட்டால் எத்தனை வருடத்தில் திரும்பும்? ஒரு சலுகை இன்னொரு சலுகையின் பயனைச் சாப்பிட்டுவிடும் இடம் இது. "உனக்கு வேண்டாம்ப்பா. மாடியில வத்தல் காயப் போடு" என்றேன். சிரித்துக்கொண்டார்.

மாடி வைத்திருக்கும் நம் அன்பர்கள் விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சலுகை நிறுத்தினதுக்கா, ஓட்டினதுக்கா? பழுது பார்க்க ஐந்தாண்டு கழித்தும் ஆள் வருவாரா? மானியம் தாமதமானால் அதுவரை வட்டி யார் கட்டுவது? கணக்குப் போடச் சிரமமாக இருந்தால் கடந்த ஓராண்டு கரண்ட் பில்களை எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துவிடலாம்.